எதிர்க்கட்சி ஆட்சிக்கு ரெடியா? லட்சியம் எது நிச்சயம் எதுன்னு பிரிச்சுப் பாக்கறது எப்படி

எங்க மாமா நாப்பது வருஷமா ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டு போடறவர், "எங்காளுங்க வந்தா எல்லாம் சரியாயிடும்"ங்கறார், என் தம்பியோ "அவங்களுக்கு ஆளவே தெரியாது மாமா"ங்கறான். ரெண்டு பேருகிட்டயும் எத வெச்சு சொல்றீங்கன்னு கேட்டேன், ரெண்டு பேரும் போன எடுத்து ஆளுக்கு ஒரு மேடைப்பேச்சு வீடியோவ காட்டினாங்க. அவ்ளோதான் ஆதாரம்.

நான் ஒரு சின்ன கம்பெனில கணக்கு எழுதறவன். புது சப்ளையர் வந்தா அவன் பேச்ச கேட்டு அட்வான்ஸ் குடுக்க மாட்டோம்ல, பழைய பில்லு, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஏற்கனவே யாருக்கு சப்ளை பண்ணான்னு பாப்போம், அதே மாதிரி ஒரு எதிர்க்கட்சிய பாக்க முடியுமான்னு ரெண்டு மூணு எலெக்‌ஷனா முயற்சி பண்ணிட்டு இருக்கேன். எந்தக் கட்சின்னாலும் இது ஒத்து வருது, அதனால இங்க எழுதி வெக்கறேன். யாருக்கு ஓட்டு போடணும்னு இதுல வராது, அத நீங்க பாத்துக்கோங்க.

ஒரு நோட்டு வாங்கிக்கோங்க, நாப்பது பக்கம் போதும். கட்சியோட தேர்தல் அறிக்கைய டவுன்லோடு பண்ணிக்கோங்க. பேப்பர்ல வர்ற "முக்கிய அம்சங்கள்" வேணாம், முழு பிடிஎஃப் வேணும். 2021ல திமுக குடுத்ததுல 505 வாக்குறுதி இருந்துச்சு, எல்லாத்தையும் எழுத வேண்டியதில்ல, உங்க வீட்டத் தொடுற பத்து, ஸ்டேட்டோட கஜானாவத் தொடுற அஞ்சு, மொத்தம் பதினஞ்சு எடுங்க. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ‘ல’ (லட்சியம்) இல்லன்னா ‘நி’ (நிச்சயம்)ன்னு போடணும்.

இது நான் கண்டுபுடிச்சது இல்ல, அண்ணாவோடது. 1967ல அரிசிப் பஞ்சம், அப்ப திமுக சொன்னது "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". எனக்குத் தெரிஞ்சு ஒரு எதிர்க்கட்சி தன்னோட வாக்குறுதிக்குள்ளயே எது கனவு எது கணக்குன்னு கோடு போட்டு சொன்னது அதுதான். அப்பறம் என்ன ஆச்சு? ஜெயிச்சு வந்து சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ரூபாய்க்கு ஒரு படி போட ஆரம்பிச்சாங்க, ஆனா கஜானா தாங்கல, மத்த ஊருக்கெல்லாம் கொண்டு போக முடியல. அதாவது ‘நிச்சயம்’னு சொன்னதே பாதிதான் நின்னுச்சு. அவ்ளோ ஜாக்கிரதையா சொன்னவங்களுக்கே அந்த கதின்னா, எல்லாத்தையும் நிச்சயம்னு சொல்றவங்கள எப்படி பாக்கணும்னு யோசிங்க.

சரி, ‘ல’வா ‘நி’யான்னு எப்படி முடிவு பண்றது? நான் மூணு கேள்வி கேப்பேன், அதிகாரம் யார்கிட்ட, காசு எங்கேந்து, செய்யப் போற ஆளு யாரு.

அதிகாரம்தான் ரொம்ப ஈசி, ஆனா அதுலதான் நாம நெறைய ஏமாறுவோம். அரசியல் சட்டத்துல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு மூணு. போலீஸு, நிலம், ஆஸ்பத்திரி, சாராயம் இதெல்லாம் மாநிலத்துக்கிட்ட. வெளியுறவு டெல்லிகிட்ட, அதனால கச்சத்தீவ மீட்போம்னு சட்டமன்ற எலெக்‌ஷன்ல யார் சொன்னாலும் நேரா ‘ல’ போட்டுட்டு அடுத்ததுக்கு போயிடலாம். படிப்பு 1976 வரைக்கும் மாநிலத்துக்கிட்ட இருந்துச்சு, எமர்ஜென்சில 42வது திருத்தத்துல பொதுப் பட்டியலுக்கு போயிடுச்சு. நீட் விலக்கு வாக்குறுதி இந்த எடத்துலதான் மாட்டுச்சு. 2021 செப்டம்பர்ல மசோதா பாஸ் ஆச்சு, கவர்னர் திருப்பி அனுப்பினாரு, 2022 பிப்ரவரில மறுபடி பாஸ் பண்ணாங்க, கடைசில ஜனாதிபதி ஒப்புதல் குடுக்கலன்னு 2025 ஏப்ரல்ல முதல்வரே சட்டமன்றத்துல சொன்னாரு. அந்த வாக்குறுதி குடுத்தது தப்புன்னு நான் சொல்லல, முயற்சி பண்றோம்னு சொல்லியிருந்தா ‘ல’ போட்டு மதிச்சிருப்பேன், ஒழிச்சே தீருவோம்னு சொன்னதாலதான் பிரச்சனை.

இதுக்கு இன்னும் நல்ல பாடம் டெல்லில இருக்கு. 2013 டிசம்பர்ல ஆம் ஆத்மி கட்சிக்கு 70ல 28 சீட்டு, காங்கிரஸ் ஆதரவோட ஆட்சி அமைச்சாங்க. தண்ணி, கரண்டு ரெண்டும் அவங்க கைல இருந்துச்சு, பதவி ஏத்த நாலஞ்சு நாள்லயே அறிவிச்சுட்டாங்க. போலீஸு அவங்க கைல இல்ல, டெல்லி போலீஸ் மத்திய உள்துறைகிட்ட, அதனால ஒரு முதலமைச்சரே ஜனவரி குளிர்ல ரயில் பவன் பக்கத்துல ரோட்ல தர்ணா உக்காந்தாரு. ஊழல விசாரிக்கறதுக்கான ஜன்லோக்பால் மசோதாவும் டெல்லி முழு மாநிலம் இல்லங்கற விசேஷ அந்தஸ்துல மாட்டி, 49 நாள்ல ராஜினாமா. இத்தனைக்கும் இதெல்லாம் ரகசியம் இல்ல, எலெக்‌ஷனுக்கு முன்னாடியே புக்குல இருந்த விஷயம்தான். ஒரு வருஷம் கழிச்சு அதே கட்சிக்கு 67 சீட்டு குடுத்தாங்க ஜனங்க, அது வேற கத.

இப்ப காசு. இதுல கொஞ்சம் உக்காந்து பாக்கணும், ஆனா பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா போதும். நிதித்துறை வெப்சைட்ல பட்ஜெட் உரை தமிழ்லயே இருக்கும், அதுல கடைசி பக்கங்கள்தான் நமக்கு வேணும். 2025-26 பட்ஜெட்ல தமிழ்நாட்டோட வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி, வருவாய் செலவு சுமார் 3.73 லட்சம் கோடி, துண்டு விழறது 41,600 கோடிக்கு மேல. அந்த வரவுல சம்பளம், பென்சன், வட்டி மூணுக்கும் மட்டும் சுமார் 2 லட்சம் கோடி போயிடுது. அதாவது நூறு ரூபா உள்ள வந்தா அறுபது ரூபா யார் முதலமைச்சரா இருந்தாலும் ஏற்கனவே செலவான காசு. மிச்சம் நாப்பதுலதான் ரேஷன், பஸ்ஸு, உரிமைத்தொகை, இலவச கரண்டுன்னு எல்லாம்.

இத மனசுல வெச்சுகிட்டு ஒரு வாக்குறுதிய பெருக்குங்க. மாசம் ஆயிரம் ரூபா, வருஷத்துக்கு 12,000, தமிழ்நாட்ல ரேஷன் கார்டு 2.2 கோடி சொச்சம், எல்லா கார்டுக்கும்னா 26,400 கோடி. 2021ல திமுக ஆயிரம்னாங்க, அதிமுக 1,500னாங்க கூடவே வாஷிங் மெஷினு, வருஷத்துக்கு ஆறு சிலிண்டர். 1,500ன்னா அதே கணக்குல 39,600 கோடி, சிலிண்டர தொடாமலேயே. இந்த பெருக்கல எந்தக் கட்சி தன்னோட அறிக்கையிலயே போட்டு காட்டியிருக்குன்னு பாருங்க, நான் பாத்த வரைக்கும் எதுவும் இல்ல. இத்தனைக்கும் 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, தேர்தல் கமிஷன் நடத்தை விதியிலயே சேத்திருக்கு, வாக்குறுதிக்கு காரணமும், அதுக்கு காசு எந்த வழில வரும்ங்கறதும் அறிக்கைல தெரியணும்னு. அதனால வீட்டுக்கு ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட "காசு எங்கேந்து"ன்னு கேக்கறது குதர்க்கம் இல்ல, விதியிலயே இருக்கற கேள்விதான்.

மதுவிலக்கு வாக்குறுதிய மட்டும் தனியா பாருங்க, இது ஒரு நல்ல லிட்மஸ் பேப்பர். டாஸ்மாக்ல இருந்து 2024-25ல வந்த வருமானம் 48,000 கோடிக்கு மேல. கடைய மூடறோம்னு சொல்றவங்க இந்த ஓட்டைய எத வெச்சு அடைப்போம்னு சொல்றாங்களா? மணல்ல எடுப்போம், கிரானைட்ல எடுப்போம்னு ஒரு வரில சொன்னா அதையும் எழுதிகிட்டு, இப்ப அந்த எனத்துல எவ்ளோ வருதுன்னு பட்ஜெட்லயே தேடிப் பாருங்க, சிரிப்பு வரும். இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. 1937ல காங்கிரஸ் முதல்முறையா சென்னை மாகாணத்துல ஆட்சிக்கு வந்துச்சு, ராஜாஜி மொத்த மாகாணத்துலயும் ஒரே நாள்ல கடைய மூடல, அக்டோபர்ல சேலம் ஜில்லால மட்டும் ஆரம்பிச்சாரு. வருமானம் போச்சுல்ல, 1939ல விற்பனை வரி கொண்டு வந்தாரு. வியாபாரிங்க கத்தினாங்க, எதிர்ப்பு வந்துச்சு, ஆனா ஒரு குழாய மூடுனா இன்னொரு குழாய தெறக்கணும்னு அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு. அவரோட மத்த முடிவுகள் பத்தி எனக்கு பெரிய மரியாத எல்லாம் இல்ல, இந்த ஒண்ணுல மட்டும் மனுஷன் கணக்கு தெரிஞ்சவரு. இன்னிக்கு அந்த குழாயும் நம்ம கைல இல்ல, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்பறம் மாநிலம் தானா வரி ஏத்தக்கூடியது பெட்ரோல், டீசல், சாராயம், பத்திரப்பதிவு, வண்டி வரி, இப்படி கொஞ்சந்தான்.

"கஜானா காலின்னு எங்களுக்கு தெரியாது"ங்கற சமாதானத்தையும் ஏத்துக்காதீங்க. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி அப்ப நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டாரு, ஒவ்வொரு குடும்பத்து தலையிலயும் 2,63,976 ரூபா கடன்னு. ஊரே அதிர்ச்சி ஆச்சு. ஆனா அதுல இருந்த பெரும்பாலான நம்பர் பழைய பட்ஜெட்லயும், அரசாங்கக் கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட ரிப்போர்ட்லயும் ஏற்கனவே இருந்ததுதான், அழகா கோத்துக் காட்டினாரு அவ்ளோதான். நாலே நாள் கழிச்சு வந்த பட்ஜெட்ல பெட்ரோலுக்கு 3 ரூபா கொறச்சாங்க, தேர்தல் அறிக்கைல சொன்னது 5. ஆட்சிக்கு ரெடியா இருக்கற கட்சி எலெக்‌ஷனுக்கு முன்னாடியே அந்த கணக்க படிச்சிருக்கணும், படிச்சிருந்தா 5னு எழுதியிருக்க மாட்டாங்க.

மூணாவது கேள்வி, யாரு செய்வாங்க, எப்படி செய்வாங்க. இதுக்கு திமுகவோட ஒரே அறிக்கைல இருந்த ரெண்டு வாக்குறுதிய பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டறேன். 2021 மே 7 காலைல பதவி ஏத்தாங்க, அன்னிக்கே கையெழுத்து, மே 8ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. (ரெண்டு நாள்ல லாக்டவுன் வந்து பஸ்ஸே நின்னு போச்சு, எங்கம்மா ஒரே ஒரு தடவ போயிட்டு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிட்டு இருந்தாங்க.) மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபா எப்ப வந்துச்சு? 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்துல. 28 மாசம். ஏன்?

பஸ்ஸு அரசாங்கத்தோடது, டிரைவர் கண்டக்டர் எல்லாம் ஏற்கனவே சம்பளத்துல இருக்காங்க, ஏறுறது பொம்பளைன்னு கண்ண வெச்சு பாத்தா தெரியும், லிஸ்ட் வேணாம், அப்ளிகேஷன் வேணாம். போக்குவரத்துக் கழகத்துக்கு நஷ்டத்த ஈடு கட்ட வருஷத்துக்கு 1,200 கோடின்னு சொன்னாங்க, அத ஒதுக்கினா முடிஞ்சுது. உரிமைத்தொகைக்கு அப்படி இல்ல. குடும்பத் தலைவி யாருன்னு முடிவு பண்ணணும், எல்லாருக்கும் குடுக்க காசு இல்ல, அதனால வருமானம் ரெண்டரை லட்சத்துக்கு கீழ, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு கீழ கரண்டு, நஞ்சைல அஞ்சு ஏக்கருக்கு மேல கூடாதுன்னு விதி போட்டாங்க, கேம்ப் போட்டு ஃபாரம் வாங்கினா 1.63 கோடி பேரு எழுதிக் குடுத்தாங்க, 1.06 கோடி பேருக்கு கெடச்சுது. விட்டுப்போன 57 லட்சம் பேருக்கு யாரும் மேடைல விதி இருக்குன்னு சொல்லல. ‘குடும்பத் தலைவிகளுக்கு’ன்னுதான் சொன்னாங்க, ‘தகுதியுள்ள’ங்கற வார்த்த அப்பறமா வந்து ஒட்டிக்கிச்சு. இனிமே எந்தக் கட்சி பணம் தர்றோம்னு சொன்னாலும் நோட்டுல எழுத வேண்டிய கேள்வி இதுதான், லிஸ்ட் எடுப்பீங்களா, எடுத்தா யார வெட்டுவீங்க? பதில் இருந்தா ‘நி’, "எல்லாருக்கும்"னு சொல்லிட்டு பெருக்கல் கணக்கு காட்டலன்னா ‘ல’.

ஆளுங்க விஷயத்துக்கு வருவோம். 234 சீட்டுல 15 சதவீதத்துக்கு மேல மந்திரி இருக்கக்கூடாது, முதல்வரோட சேத்து 35. தலைவர் பேர விட்டுட்டு அந்தக் கட்சில நிதிக்கு யாரு, மின்சாரத்துக்கு யாரு, ஆஸ்பத்திரிக்கு யாருன்னு அஞ்சு பேர உங்களால யோசிக்க முடியுதா? அந்த அஞ்சு பேரும் அந்தந்த துறைய பத்தி பேசின பேச்சு ஏதாவது இருக்கா? மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் காசு ஒதுக்கற விவாதம்) நடக்கறப்ப அவங்க கட்சி என்ன பண்ணுச்சுன்னு சட்டமன்ற வெப்சைட்ல இருக்கற நடவடிக்கை குறிப்புல தேடிப் பாருங்க. அந்த ஒதுக்கீட்ட கொறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் குடுத்து நம்பரோட பேசினாங்களா, இல்ல பதினோரு மணிக்கு வெளிநடப்பு பதினொண்ணே காலுக்கு வாசல்ல பேட்டியா? வெளிநடப்பு தப்பில்ல, ஆனா அஞ்சு வருஷமும் வாசல்லயே நின்னவங்களுக்கு உள்ள ஃபைல் எப்படி நகருதுன்னு எப்படி தெரியும்?

அனுபவமே இல்லாதவங்க ஆள முடியாதுன்னு சொல்ல வரல. 1967ல அண்ணாவோட சேத்து ஒம்பது பேர் மந்திரிசபை, ஒருத்தர் கூட அதுக்கு முன்னாடி மந்திரியா இருந்ததில்ல. அண்ணாவே அந்த எலெக்‌ஷன்ல தென்சென்னைல எம்பிக்குத்தான் நின்னாரு, ஜெயிச்சப்பறம் அத விட்டுட்டு மேலவை வழியா முதலமைச்சர் ஆனாரு. ஆனா அதுக்கு முன்னாடி பத்து வருஷத்த பாருங்க, 1957ல 15 பேரு சட்டமன்றத்துக்குள்ள போனாங்க, 1959ல சென்னை மாநகராட்சிய புடிச்சாங்க, 1962ல 50 பேரு. குப்ப அள்றது, தண்ணி விடறது, கேள்வி நேரத்துல மந்திரிய மடக்கறதுன்னு எல்லாம் பழகிட்டுத்தான் கோட்டைக்கு போனாங்க. அதனால ஒரு புதுக் கட்சியப் பாக்கறப்ப கோட்டைக்கு கீழ ஏதாவது நடத்தியிருக்காங்களான்னு பாருங்க, ஒரு நகராட்சி, ஒரு ஒன்றியம், ஒரு கூட்டுறவு சங்கம், ஏதோ ஒண்ணு. அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போய் டீக்கடைல அரை மணி நேரம் உக்காந்தா போதும், எந்த டிவி விவாதமும் குடுக்காத தகவல் கெடைக்கும்.

பக்கத்துல இலங்கையையும் பாக்கலாம், அங்க நடந்தது இன்னும் சூடா இருக்கு. தேசிய மக்கள் சக்திக்கு 2020ல 3 சீட்டு, 2024 நவம்பர்ல 225ல 159, யாழ்ப்பாணத்துல கூட முதலிடம். ஜனாதிபதி ஆன அனுர குமார திசாநாயக்க 2004ல கொஞ்ச நாள் விவசாய மந்திரியா இருந்தவரு, ஆனா கூட வந்த எம்பிங்கள்ல பெரும்பாலானவங்க பார்லிமெண்டுக்கே புதுசு. சபாநாயகரா உக்காந்தவரு டாக்டர் பட்டத்துக்கு சான்று காட்ட முடியாம மூணே வாரத்துல பதவி விலகினாரு. வேட்பாளர் யாருன்னு முன்னாடியே சலிச்சுப் பாக்காட்டி இப்படித்தான் ஆகும். ஆனா பெரிய விஷயத்துல, ஐஎம்எஃப் கடன் ஒப்பந்தத்த எலெக்‌ஷன் முன்னாடி மாத்திப் பேசுவோம்னவங்க வந்தப்பறம் கிழிச்சுப் போடாம தொடர்ந்தாங்க. துரோகம்னு ஒரு பக்கம் திட்டினாங்க. எனக்கென்னவோ கணக்கு புரிஞ்சுதுன்னு தோணுச்சு, ஆனா அத முன்னாடியே புரிஞ்சு சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

நம்ம ஊர்ல ஒரு கொறை என்னன்னா, எதிர்க்கட்சி தயாராகறதுக்கு அரசாங்கம் எந்த வசதியும் பண்ணித் தராது. பிரிட்டன்ல 1964ல இருந்து ஒரு வழக்கம், எலெக்‌ஷன் வர்றதுக்கு முன்னாடி எதிர்க்கட்சிக்காரங்க துறை செயலாளர்கள தனியா சந்திச்சு நாங்க வந்தா இத செய்வோம்னு பேசி வெக்கலாம். 1997ல லேபர் கட்சி 18 வருஷம் வெளிய இருந்துட்டு வந்துச்சு, ஆனா மே 1 எலெக்‌ஷன், மே 6ஆம் தேதி வட்டி விகிதம் நிர்ணயிக்கற அதிகாரத்த பாங்க் ஆஃப் இங்கிலாந்துகிட்ட குடுக்கறோம்னு அறிவிச்சாச்சு. இங்க 2021ல மே 2 ரிசல்ட், மே 7 பதவி, நடுவுல அஞ்சு நாள், அதுவும் கொரோனா உச்சத்துல. அதனால இங்க ஹோம்வொர்க் பண்ற கட்சி தானாத்தான் பண்ணணும். ரிட்டையர்ட் அதிகாரிங்கள கூப்பிட்டு பேசினாங்களா, ஆர்டிஐ போட்டு எடுத்த தகவல் அவங்க பேச்சுல வருதா, சிஏஜி ரிப்போர்ட்ட பக்கம் நம்பரோட சொல்றாங்களா, இதெல்லாம் அதோட அடையாளம். 2021 ஜனவரில ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’னு மனு வாங்கி பெட்டில போட்டாங்க, அப்ப நான் அத சீன்னுதான் நெனச்சேன், ஆனா பதவி ஏத்த அன்னிக்கே அந்த பெட்டிக்குன்னு ஒரு துறையும் ஐஏஎஸ் அதிகாரியும் போட்டாங்க. எல்லா மனுவும் தீந்துச்சான்னு கேட்டா அது வேற, பெட்டிய என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சிருந்தாங்க, நான் அதுக்குத்தான் மார்க் போட்டேன்.

கூட்டணி பத்தி ரொம்ப எழுதல. கூட்டணிக் கட்சி அறிக்கையையும் ஒரு தடவ பொரட்டிப் பாருங்க, மதுவிலக்கு, பழைய பென்சன், கனிமம் மூணுலயும் ரெண்டு அறிக்கையும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சா ஜெயிச்சப்பறம் கோட்டைக்குள்ள இடிக்கும். வேட்பாளரோட சொத்து, வழக்கு விவரம் எல்லாம் தேர்தல் கமிஷன் வெப்சைட்ல பிரமாணப் பத்திரத்துல இருக்கு, பத்து நிமிஷ வேல, உங்க தொகுதி ஆளுக்காவது பாத்துடுங்க.

கடைசியா, வீட்டு வாசலுக்கு வர்ற வேட்பாளர சும்மா அனுப்பாதீங்க. உங்க தெருப் பிரச்சனை ஒண்ண எடுத்து "இது யார் கைல இருக்கு"ன்னு மட்டும் கேளுங்க. எப்ப சரி பண்ணுவீங்கன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க. எங்க தெருவுல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது, போன தடவ மூணு பேருகிட்ட இத கேட்டேன். ஒருத்தர் வணக்கம் வெச்சுட்டு "நம்ம ஆட்சி வரட்டும்ணே"ன்னு போயிட்டாரு. இன்னொருத்தர் பக்கத்துல இருந்த ஆள பாத்தாரு, அந்த ஆளு இன்னொரு ஆள பாத்தான். மூணாவதா வந்தவரு ஒரு சின்னக் கட்சி, கூட நாலே பேரு, வெயில்ல சட்டையெல்லாம் நனஞ்சு போயிருந்துச்சு. "ஆத்துலேந்து மெயின் லைன் வரைக்கும் ஒருத்தர் பொறுப்பு, டேங்க்லேந்து உங்க குழாய் வரைக்கும் நகராட்சி பொறுப்பு, உங்க தெருவுக்கு டேங்க் பத்தல, புது டேங்குக்கு எடம் பாக்கணும், பள்ளிக்கூடம் பின்னாடி இருக்கற எடம் தரிசு புறம்போக்கு, அத மாத்தி வாங்க கலெக்டர் வரைக்கும் போகணும், ஒரு வருஷம் ஆகும்"னாரு. எங்க மாமா வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுகிட்டு இருந்தாரு, அவர் போனதுக்கப்பறம் "நல்லா பேசறான், ஆனா ஜெயிக்க மாட்டான்"னாரு. ஜெயிக்கலதான். அந்த புறம்போக்கு விஷயத்த மட்டும் நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், ஜெயிச்சவர் அடுத்த தடவ வர்றப்ப கேக்கறதுக்கு.